பார்த்தவர் பெயர்

மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் ஐஸ் கிடங்காக இருந்த அறைதான் அந்த ஊரின் அலைச்சறுக்கு அருங்காட்சியகம். மொத்தம் பத்தொன்பது பலகைகள். பதினெட்டு சுவரில் தொங்கின. ஒன்று பின்னறையில் சாக்கு போர்த்திக் கிடந்தது.

சாக்குக்கு அடியில் இருந்தது தேசிங்குவின் பலகை.

அருங்காட்சியகத்தை உண்டாக்கியவர் அமலோற்பவம். ஃபைபர் படகுகளுக்கும் சர்ஃபிங் பலகைகளுக்கும் ஒட்டுப் போடுவது அவர் தொழில். வயது ஐம்பது. தேசிங்குக்கு நாற்பத்தாறு. மூன்று வருடமாக அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு பலகைக்கும் கீழே ஓர் அட்டை உண்டு. பலகை யாருடையது, அவர் ஏறிய முதல் அலை எப்படி இருந்தது என்று அதில் எழுதியிருக்கும். கடைசி வரி, 'பார்த்தவர்'. தன் அலையைத் தானே சொல்லக் கூடாது. கண்ணால் பார்த்த இன்னொருவர் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆரம்பத்தில் அமலோற்பவம் அவரவர் அலையை அவரவரையே சொல்லவிட்டார். ஏழு பேர் சொன்னார்கள். ஏழும் உண்மை என்றால் மாதா கோயில் மணிக்கூண்டு வரை தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டு இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. வியாழக்கிழமை காலை தேசிங்கு கேட்டான்.

"அக்கா, என் பலகையை எப்ப மாட்டுவீங்க?"

"பார்த்தவரைக் கூட்டிட்டு வா."

"எட்டியப்பன் பலகை மட்டும் நடுச்சுவத்துல தொங்குதே? ரெண்டு பேரும் ஒரே நாள்தானே ஏறினோம்?"

உண்மைதான். இருபத்தெட்டு வருடத்துக்கு முன் ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது இரண்டு பழைய பலகைகளை விட்டுப் போனார். மஞ்சள் எட்டியப்பனுக்கு. வெள்ளை தேசிங்குக்கு. இரண்டு பேரும் ஒரே காலையில் கடலில் இறங்கினார்கள். இரண்டு பேரும் பலகைமேல் எழுந்து நின்றார்கள். எட்டியப்பன் அரை மணி நேரம் முந்தி நின்றான். முதலில் நின்றவன் என்று ஊர் அவனைத்தான் சொல்லும்.

பிறகு எட்டியப்பன் தெற்கே போய் சர்ஃபிங் பள்ளி தொடங்கினான். அவன் படம் பேப்பரில் வந்தது. அந்தப் பக்கங்களையெல்லாம் தேசிங்கு வெட்டி வைத்திருந்தான். பிரியத்தில் அல்ல.

அன்றைக்கே தேசிங்கு சாட்சி தேடிக் கிளம்பினான். வலை பின்னும் சகாயத்திடம் போனான்.

"உன்னையா? பார்த்தேனே. மஞ்சப் பலகை."

"வெள்ளை."

"அப்ப அது நீ இல்ல."

மீன் விற்கும் அஞ்சலாட்சியிடம் போனான்.

"அன்னைக்கு எட்டியப்பன்கூட இன்னொருத்தன் இருந்தான்பா. யார்னுதான் ஞாபகம் வரல."

அஞ்சலாட்சி அவனுக்குச் சொந்தப் பெரியம்மா.

வெள்ளிக்கிழமை காலை வெறுங்கையோடு வந்து நின்றான். அமலோற்பவம் எட்டியப்பனின் அட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தார். பெயரைத் தவிர எல்லாம் காலியாக இருந்தது.

"இதுக்கு இன்னும் சாட்சி ஆகலையே!" என்றான். "அப்புறம் எப்படி மாட்டினீங்க?"

"பார்த்தவர் நம்ம வீட்டு ஆள்தானே, எப்ப வேணா எழுதிக்கலாம்னு விட்டேன்."

"யாரு?"

"நீதான். அவன் நின்னான்னு ஊரே சொல்லும். எப்படி நின்னான்னு கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீ பக்கத்துலயே இருந்தே. சொல்லு."

தேசிங்கு அட்டையைப் பார்த்தான். நடுச்சுவரைப் பார்த்தான்.

"நான் பார்க்கல."

அமலோற்பவம் ஸ்டூலைப் போட்டு ஏறினார். மஞ்சள் பலகையைக் கழற்றினார். பின்னறையில் வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் கிடத்தினார். நடுச்சுவரில் இரண்டு கொக்கிகள் மட்டும் மிச்சம்.

அன்று மதியம் தேசிங்கு இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை எட்டியப்பன் காரில் வந்து இறங்கினான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

"டேய் தேசிங்கு! இன்னாடா, ஒரேடியா நரைச்சுட்டே?"

"நீ சாயம் அடிச்சிருக்கே."

"அடிச்சாத்தான்டா புள்ளைங்க கத்துக்க வருது." அறையைச் சுற்றிப் பார்த்தான். "நடுவுல இன்னாக்கா, கொக்கி மட்டும் இருக்குது?"

"உன் பலகை இருந்த இடம்" என்றார் அமலோற்பவம். "பார்த்தவர் யாரும் இல்ல. கழட்டிட்டேன்."

தேசிங்கு எட்டியப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது வாடவில்லை.

"போவட்டும் விடுக்கா. முதல் அலையில இன்னா பெருசா பண்ணிட்டேன்? எழுந்து நின்னேன், உடனே குப்புற விழுந்தேன். அதுக்குப் போயி நடுச்சுவரா?"

"இவன் அலையையாவது நீ பார்த்தியா?"

எட்டியப்பன் கழுத்தைச் சொறிந்தான். "பொய் சொல்லக் கூடாது. பார்க்கலக்கா. அப்ப நான் கரையில இருந்த ஜனங்க மூஞ்சியத்தான் பார்த்துக்கினு இருந்தேன். எத்தினி பேரு என்னைப் பத்திப் பேசறாங்கன்னு." சிரித்தான். "விழுந்து வாயெல்லாம் மண்ணு. அதைத்தான் பேசியிருப்பாங்க."

"நீ விழல" என்றான் தேசிங்கு.

"விழுந்தேன்டா."

"அது நீ ஏறின ரெண்டாவது அலை. முதல் அலையில நீ விழல."

"எனக்குத் தெரியாதா?"

"உனக்கு இன்னாடா தெரியும்?" தேசிங்குவின் குரல் உயர்ந்தது. "காத்து கரையிலேருந்து கடலுக்கு அடிச்சுது. அலை முகத்துல ஒரு சுருக்கம் இல்ல. ரெண்டு அலையை விட்டுட்டு மூணாவதைப் பிடிச்சே. மொதல்ல முட்டி போட்டே. அப்புறம் வலது காலு முன்னாடி வந்துச்சு. இடது கையை மேல தூக்கினே, பஸ்ஸுல கம்பியைப் பிடிக்கற மாதிரி. பலகை மூக்கு தண்ணிக்குள்ள போச்சு. பின்னால சாஞ்சு அதைத் தூக்கினே. கருவாடு காயப் போடற இடம் வரைக்கும் வந்தே. அங்க அலை செத்துப் போச்சு. முழங்கால் தண்ணியில இறங்கினே. விழலை. பலகையைக் கக்கத்துல இடுக்கிக்கினு நடந்து வந்தே. எவன்டா உனக்கு விழுந்தேன்னு சொன்னது?"

எட்டியப்பன் கண்ணாடியைக் கழற்றினான்.

"இவ்ளோ நடந்துச்சா?"

அமலோற்பவம் எழுதிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு அட்டையைத் தேசிங்குவின் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்துப் போடு."

தான் சாட்சி சொல்லிவிட்டது தேசிங்குக்கு அப்போதுதான் புரிந்தது. பேனாவின் மூடியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். பிறகு போட்டான்.

மஞ்சள் பலகை மறுபடி நடுச்சுவருக்கு வந்தது. எட்டியப்பன் அட்டையை இரண்டு தடவை படித்தான். செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். தேசிங்குவின் தோளைத் தட்டிவிட்டு, எல்லோருக்கும் டீ வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போனான்.

"அவனுக்கு நான் சாட்சி" என்றான் தேசிங்கு. "எனக்கு யாருக்கா சாட்சி? நாளைக்கு ஊரே வரும். என் பலகை சாக்குக்கு அடியில கிடக்கும்."

அமலோற்பவம் புது அட்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"உனக்காகச் சட்டத்தை ஒரு தடவை தள்ளி வைக்கறேன். உன் அலையை நீயே சொல்லு. எழுதறேன். பார்த்தவர்னு உன் பேரையே போடறேன். சாயங்காலத்துக்குள்ள மாட்டிடலாம்."

தேசிங்கு நம்பவில்லை. அவர் பேனாவைத் திறந்ததும் நம்பினான். பின்னறைக்கு ஓடினான். சாக்கை உதறிவிட்டு வெள்ளைப் பலகையைத் தூக்கிவந்து சுவரில் சாய்த்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"காலையில எட்டு மணி இருக்கும்க்கா. பெரிய அலை ஒண்ணு வந்துச்சு. கையால தண்ணியைத் தள்ளினேன். பலகை தூக்குச்சு. எழுந்து நிக்கறேன். கரையைப் பார்த்தா எட்டியப்பன்…"

பேனா நின்றது.

"வேற பக்கம் திரும்பி நிக்கறான்க்கா. மஞ்சப் பலகையை மண்ணுல குத்தி வச்சு அதுமேல சாஞ்சுக்கினு. அவனைச் சுத்தி ஏழெட்டுப் பேரு. ஒருத்தன் அவனுக்குத் துண்டு குடுக்கறான். இவன் தலையைத் துவட்டறான்…"

"நீ எங்க இறங்கினே?"

"கரையிலதான்."

"எந்த இடத்துல?"

தேசிங்கு வெள்ளைப் பலகையைப் பார்த்தான். எட்டு மணி வெயில் நினைவில் இருந்தது. துண்டின் நிறம்கூட நினைவில் இருந்தது. தான் இறங்கிய இடம் மட்டும் இல்லை.

அமலோற்பவம் அட்டையில் அதுவரை எழுதியிருந்த ஒன்றரை வரியை ஒரு முறை படித்தார்.

"எட்டியப்பனை அந்தக் கரையிலேருந்து போகச் சொல்லு" என்றார். "அப்புறம் முதல்லேருந்து ஆரம்பி."