இருதயராஜ் இழுத்த கை

பச்சை மூங்கில் முறிகிற மாதிரி ஒரு சத்தம். மைதானத்து வேலிக்கு வெளியே நின்று கேட்டேன். நாற்பது ஆண்டாகியும் கதவு படீரென்று சாத்தினால் நெஞ்சு திடுக்கிடுகிறது.

எங்கள் கடற்கரை ஊரில் அப்போது விளையாட்டுச் சங்கம் ஒன்று பெண்பிள்ளைகளுக்கு இலவசமாகக் கபடி பழக்கியது. பழக்கியவர் இருதயராஜ். பகலில் தபால் நிலைய எழுத்தர். மாலையில் சம்பளமில்லாத பயிற்சியாளர். சங்கம் அவருக்கு ஒரு வாக்குத் தந்திருந்தது. கூலியின்றி உழைப்பவர் நல்லெண்ணத்தோடு செய்ததில் பிழை நேர்ந்தால் பொறுப்பு சங்கத்துடையது. தடுத்ததைச் செய்தால் அவருடையது. சுளுக்கெடுப்பதைச் சங்கம் தடுத்திருந்தது. அடிபட்டால் தொடாமல் சங்கத்து வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது செயலாளர் தனிஸ்லாஸின் கட்டளை.

ஒரு மாலை ஜாக்குலின் என்ற பெண் கையூன்றி விழுந்தாள். முழங்கை வீங்கியது. வேனைக் காணோம். தனிஸ்லாஸ் அதைத் தன் அக்காள் மகள் கல்யாணத்துக்கு அனுப்பியிருந்தார், யாரிடமும் சொல்லவில்லை. பஸ் வர நெடுநேரமாகும். தாய் பிரகாசி விளக்கெண்ணெயோடு ஓடிவந்தாள்.

"செயலாளர் கணுக்காலுக்கே போன மாசம் நீங்கதான எடுத்துவிட்டிய! எம் புள்ள மட்டும் எளப்பமா? இழுத்து விடுங்கண்ணே!"

இழுத்தார். அதுதான் அந்தச் சத்தம். கீறல் விட்டிருந்த எலும்பு விலகிவிட்டது.

பிரகாசி போலீசுக்குப் போனாள். வழக்கானால் இருதயராஜின் வேலை போய்விடும். சங்கம் கூடியது.

"நீதானம்மா இழுக்கச் சொன்ன?" என்றார் இருதயராஜ்.

"பெத்தவ பதறத்தான் செய்வா. பதறாம இருக்கத்தான ஒங்கள அங்க நிறுத்தியிருக்கு?"

தனிஸ்லாஸ் குறுக்கிட்டார். "வேணாம்னு சொன்னதச் செஞ்சிருக்காரு. சங்கத்துக்குச் சம்பந்தமில்ல."

"காசு வாங்கினனா? கெடுக்க நெனச்சனா?" என்று கேட்டார் இருதயராஜ்.

தாய் கேட்டாள், அவர் செய்தார், சங்கம் தடுத்திருந்தது. அந்தக் கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

சங்கம்தான். தன் கணுக்காலை நீட்டிய அன்றே தனிஸ்லாஸ் அந்தத் தடையைத் தானே அழித்துவிட்டார். வேனை அனுப்பியபோது மாற்று வழியையும் அடைத்தார். தாயின் பதற்றம் அனுமதி ஆகாது. நல்லெண்ணம் இருதயராஜை வழக்கிலிருந்து காக்கலாம். அவர் செய்தது பிழையில்லை என்று ஆக்காது. வெகுநேர வாதத்துக்குப் பின் சங்கம் பொறுப்பேற்றது. பிரகாசி புகாரைத் திரும்பப் பெற்றாள். அவர் வேலை தப்பியது.

ஜாக்குலினின் முழங்கை அதன்பின் முழுதாக நீளவில்லை. அவள் மணமாகி மணப்பாட்டில் இருக்கிறாள்.