தொப்பி போட்ட எழுத்து

“டீச்சர், இந்த ஒரு எழுத்து என் மானத்தை வாங்குது” என்றார் பூவராகன்.

ஆயுள் முழுக்க வானொலியில் செய்தி வாசித்தவர். ஒரு ழகரம் பிசகியதில்லை. மகளின் பிரசவத்துக்காகத் துருக்கியின் இஸ்மிர் நகருக்கு வந்த இடத்தில், அங்கே வாக்கப்பட்டிருந்த காயல்பட்டினத்து ஜுலைகா டீச்சரிடம் துருக்கி படிக்கிறார். டீச்சருக்கு அவர் மகள் வயதுதான்.

துருக்கியை எழுதுவது ஆங்கில எழுத்துகளில்தான்; மற்றவற்றை மடக்கிவிட்டார். புள்ளி இல்லாத ‘ஐ’ கூட, ‘பாட்டு’ என்னும்போது கடைசியில் வருகிற உகரம் போலவே இருந்ததால், சட்டென்று ஒட்டிக்கொண்டது. தலையில் பிறை போலத் தொப்பி போட்ட ‘ஜி’ மட்டும் முரண்டு பிடித்தது.

“‘சாலுக்’னு சொல்லுங்க.”

“‘சக்லுக்’.”

“அதுக்குன்னு தனியா சத்தம் கிடையாது ஐயா. முன்னாடி நிக்கிற எழுத்தை நீட்டி விட்டுட்டு ஒதுங்கிக்கும்.”

“எழுதியிருக்கிறதை வாசிக்காம விட எனக்கு நாக்கு வரமாட்டேங்குதே.”

“சரி, இதை யார்கிட்ட சொல்லப் போறீங்க?”

பூவராகன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

சம்பந்தியம்மா எமினேயிடம். பிரசவத்தில் மகள் பிழைத்ததே மறுபிறவி. எமினே அம்மாள்தான் பெற்றவள் மாதிரி அவளைத் தாங்கினாள். இவருக்கும் வேளை தவறாமல் சமைத்துப் போட்டாள். சமைத்தவரிடம் ‘எலினே சாலுக்’ என்று சொல்வது அந்த ஊர் வழக்கம். உன் கைக்கு நலம் உண்டாகட்டும் என்று அர்த்தம். இவருக்கு நெஞ்சு முட்ட நன்றி இருந்தது. சுத்தமாகச் சொல்ல வரட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தினமும் தட்டை வழித்துத் தின்றுவிட்டு, வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவார். நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறார்.

“இன்னும் சொல்லவே இல்லையா?” டீச்சர் பையை எடுத்து மாட்டினார். “வாங்க. இன்னிக்குப் பாடம் உங்க வீட்டுல.”

எமினே அம்மாள் முகம் மலர வரவேற்றாள். பருப்பு சூப்பு ஊற்றினாள்.

டீச்சர் குடித்தார். கரண்டியைக் கீழே வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

எமினே அம்மாள் டீச்சரின் கிண்ணத்தைப் பார்த்தாள். உப்பை நகர்த்தி வைத்தாள். எலுமிச்சையை நறுக்கி வைத்தாள். முகம் சுண்டிப் போயிற்று.

பூவராகனுக்குப் பொறுக்கவில்லை. “ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்,” என்று தமிழில் கிசுகிசுத்தார். “பாவம், என்னமோ தப்பு பண்ணிட்ட மாதிரி நிக்கிறாங்க.”

“நீங்க எழுந்து போனப்புறம் தினமும் இப்படித்தானே ஐயா நின்னிருப்பாங்க?”

தலை நிமிராமல் சாப்பிட்ட மனுஷன், அந்த முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

எழுந்தார். செய்தி வாசித்த குரல் நடுங்கியது.

“எலினே சக்லுக்.”

டீச்சர் திருத்தவில்லை.

எமினே அம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பி, பச்சைக் குழந்தை தூங்குவதையும் மறந்து கத்தினாள்:

“மகளே, உங்கப்பாவுக்கு என் சமையல் பிடிச்சிருக்காம்!”