வேர்நுனியில் சும்மா இருந்தவை

“நாளைக்கு நான் தோத்துருவேன் மேடம்.”

பயிற்சிக்கு வந்திருந்த பி.எட். மாணவி முத்துப்பேச்சி பள்ளி ஆய்வக வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அவளுக்கு வழிகாட்டியான பெர்சிஸ் மேடம் பீக்கர் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

“எதுல?”

“செல் பிரிதல் பாடத்துல. வெளியூர்ல இருந்து எக்ஸ்டர்னல் வந்து பின்னால உக்காந்து மார்க் போடுவாங்க. நான் கேள்வி கேட்டு, பிள்ளைங்க வாயே திறக்காட்டா?”

“எக்ஸ்டர்னல் என்ன புலியா? அவங்களும் ஒருநாள் இப்படி வந்து நின்னவங்கதான்.”

முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். நாளைய வகுப்பில் தவறினால் பட்டம் இல்லை. அம்மாவோ இப்போதே தெரு முழுக்க ‘எம்மவ டீச்சர்’ என்று சொல்லி வைத்திருந்தாள்.

மேடம் கையைத் துடைத்துக்கொண்டு பாடத்திட்டத்தை வாங்கினார். இடப்பக்கம் கேள்வி. வலப்பக்கம் ‘எதிர்பார்க்கும் விடை’ என்று கட்டம். ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை.

“எல்லாக் கேள்விக்கும் விடை வந்துரும் போலிருக்கே.”

“வந்துரும் மேடம். யார் எதைச் சொல்லணும்னு பழக்கி வெச்சிருக்கேன்.”

“அப்புறம் ஏன் நடுங்குத?”

முத்துப்பேச்சி தரையைப் பார்த்தாள்.

“ஒன்பதாம் வகுப்புல வடிவுன்னு ஒருத்தி. எது கேட்டாலும் முழிப்பா. டெஸ்ட் வெச்சா வெறும் தாளை நீட்டுவா. கடைசியில எக்ஸ்டர்னல் அவளை எழுப்பிக் கேட்டுட்டாங்கன்னா...”

“கேட்டா?”

“நாளைக்கு லீவு போடச் சொல்லிட்டேன்.”

மேடம் பாடத்திட்டத்தை மூடி வைத்தார். ஜன்னலோரம் இருந்த நுண்ணோக்கியைக் காட்டினார். வகுப்பில் காட்டுவதற்காக முத்துப்பேச்சி தயாரித்த வெங்காய வேர்நுனி அதில் இருந்தது.

“என்ன தெரியுது?”

அவள் குனிந்தாள். “நடுவுல ஒரு செல் பிரியுது மேடம். குரோமோசோம் ரெண்டு பக்கமும் இழுபடுது. நல்லாத் தெரியுது.”

“சுத்தி?”

“சுத்தி இருக்கதெல்லாம் சும்மா இருக்கு.”

“அப்ப அதுகளை எடுத்துரு. எக்ஸ்டர்னல் பாக்க அழகா இருக்கும்.”

முத்துப்பேச்சி சிரிக்கப் பார்த்தாள். மேடம் முகத்தில் சிரிப்பில்லை.

“எடுக்க முடியாது மேடம். சும்மான்னா... சும்மா இல்ல. உள்ள வேலை நடந்துட்டிருக்கும். குரோமோசோமை எல்லாம் நகல் எடுத்துட்டிருக்கும். அது முடிஞ்சாத்தான பிரியும்...”

வடிவு நீட்டும் வெறும் தாள் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

மேடம் அடுத்த பீக்கரை எடுத்தார்.

வடிவின் வீடு பள்ளிக்குப் பின்தெருவில். சாயங்காலம் முத்துப்பேச்சி போனபோது வடிவு குழாயடியில் நின்றிருந்தாள். டீச்சரைக் கண்டதும் குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நாளைக்கு வந்துரு.”

“கேள்வி கேப்பீங்களா?”

“கேப்பேன்.”

“எனக்குப் பயமா இருக்கு டீச்சர்.”

“எனக்கும்தான்.”

வடிவு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். வகுப்பில் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. குடம் நிறைந்து வழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

“டீச்சர், ரெண்டாப் பிரிஞ்ச பொறவு அந்தப் பழைய செல்லு எங்க போவும்? செத்துருமா?”

முத்துப்பேச்சி குழாயை மூடினாள். இந்தக் கேள்விக்கு அவள் பாடத்திட்டத்தில் கட்டமே இல்லை.

“இதை நாளைக்குக் கேளு,” என்றாள்.