நாற்பது நிமிடம்

நஞ்சப்பனுக்கு வயது ஐம்பத்தாறு. பட்டறையில் அவருக்குச் சோதனை வேலை கற்றுக்கொடுக்கும் சுகந்திக்கு முப்பத்திரண்டு. ஆனாலும் அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். கிண்டலாக ஆரம்பித்தது, போகப் போக நிஜமாகிவிட்டது.

வண்டி ஸ்பிரிங் பட்டைகளின் மேல் சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளை வாரி அடிக்கும் கூண்டு ஒன்று அந்தப் பட்டறையில் இருந்தது. அடி வாங்கிய மேல்தோல் இறுகும். சீக்கிரம் விரிசல் விடாது. இருபது வருஷமாக அந்தக் கூண்டை ஓட்டுபவர் நஞ்சப்பன். சோதனையை இப்போதுதான் பழகுகிறார்.

அன்று பன்னிரண்டு பட்டைகளை மேசையில் அடுக்கிவிட்டு, பெருமை தாங்காமல் நின்றார்.

"எத்தனை நிமிஷம் ஓட்டுனீங்கண்ணா?"

"பத்துதான் கணக்கு. நான் நாப்பது ஓட்டீட்டனுங்க டீச்சர்."

"ஏனுங்க?"

"எம் பேத்தி போற ஸ்கூல் வண்டிக்குங்க இது. கொஞ்சம் கூடவே பலமா இருந்துட்டுப் போகட்டுமே."

சுகந்திக்குச் சிரிப்பு வந்தது, மனசும் கலங்கியது. இந்த மனுஷரைத் திட்ட யாருக்குத்தான் வாய் வரும்?

இரண்டு மெல்லிய தகடுகளை அவர் உள்ளங்கையில் வைத்தாள். கூண்டுக்குள் ஸ்பிரிங்கோடு சேர்ந்து அடி வாங்குகிற சோதனைத் தகடுகள் அவை. அடிபட்டதும் வளையும். வளைவைப் பார்த்து ஏறிய பலத்தைச் சொல்லிவிடலாம்.

"ஒண்ணு நேத்துப் பத்து நிமிஷம் ஓடினது. ஒண்ணு இன்னைக்கு உங்க நாப்பது. எது எதுன்னு சொல்லுங்க."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே வளைவாத் தெரியுதுங்க."

"பத்து நிமிஷத்தோட பலம் ஏறுறது நின்னு போச்சுங்கண்ணா."

"அப்ப மிச்ச முப்பது நிமிஷம் வீணுங்களா? போனாப் போகுது. கெடுதல் ஒண்ணுமில்லீல்ல?"

 சுகந்தி ஒரு பட்டையில் சிவப்புச் சாயம் தடவினாள். சாயம் ஊறும்வரை இருவரும் டீ குடித்தார்கள். பிறகு அதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தெளித்தாள்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடுகள் எழும்பின. தலைமுடி அளவுதான். ஏழெட்டு இருக்கும்.

"எல்லாம் விரிசலுங்கண்ணா. அடி மிஞ்சினா மேல்தோலே வெடிச்சுருது."

நஞ்சப்பன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதை அந்த வண்டியிலயே மாட்ட விட்டிருப்பனுங்களே டீச்சர்."

"விடலைங்களே. எங்கிட்டக் கொண்டு வந்தீங்க."

கழிவுக்கு அடையாளம் போடும் பெயின்ட் டப்பாவை அவரே எடுத்துவந்தார். ஒவ்வொரு பட்டையிலும் குறுக்குக் கோடு போட்டார். பன்னிரண்டும் முடிந்தபின் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்குப் புதுசா ஓட்டோணும். அவ போற வண்டின்னு மனசு அடிச்சுக்கிட்டே இருக்கையில, போதும்னு எப்படிங்க நிறுத்தறது?"

சுகந்தி அடிபடாத புதுச் சோதனைத் தகடு ஒன்றை எடுத்து அவர் சட்டைப்பையில் போட்டாள்.

"இதுக்குப் பேத்தி இல்லீங்கண்ணா. இது வளையறது நின்னா, நீங்களும் நிறுத்துங்க."