ஆமணக்கு நிழல் வழக்கு

குளத்தங்கரையில் இரண்டு நிலக்கடலைக் கொல்லைகள் இருந்தன. ஒன்று முள்ளம்பன்றி சூடாமணியுடையது. மற்றது முயல் பவளத்துடையது. நடுவே ஒரு பொது வரப்பு. அந்த வரப்பைத் தாண்டி ஒரே ஒரு போக்குவரத்துதான் நடந்தது. சூடாமணியின் வயிற்றெரிச்சல் தினமும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் வந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் காட்டில் அறுவடை முடிந்ததும் எல்லாரும் குளத்தங்கரையில் கூடுவார்கள். யாருடைய கடலை திரட்சியாக இருக்கிறதோ, அதுதான் அடுத்த வருஷத்துக்கு விதைக்காய். அத்தனை குடும்பமும் வரிசையில் நின்று அந்த வீட்டுக்காரியின் கையால் விதை வாங்கிக்கொண்டு போகும். ஆறு வருஷமாக அந்தக் கை சூடாமணியின் கை. ஏழாவது வருஷம் பவளம் குடிவந்தாள்.

வந்தவள் சும்மா இருந்தாளா? செடிகளுக்கு நடுவே காய்ந்த சருகைப் பரப்பினாள். மண்ணின் ஈரம் காயவே இல்லை. சூடாமணி நாலு தடவை குளத்துக்கு நடந்தால் பவளம் ஒரு தடவை நடந்தாள். கொல்லைக்குள் அங்கங்கே குச்சி நட்டு, குறுக்கே ஒரு கழி கட்டினாள். கரிச்சான் குருவி வந்து அதில் ஜம்மென்று உட்கார்ந்து புழு பிடித்தது.

"பறவைக்கு நாற்காலி போட்டிருக்கா பாருங்க! அடுத்தது மின்விசிறி போடுவா!" என்றாள் சூடாமணி தன் புருஷனிடம்.

அதோடு விட்டாளா பவளம்? கொல்லையைச் சுற்றி நாலு பக்கமும் ஆமணக்கு விதை ஊன்றினாள். நாலாவது பக்கம் பொது வரப்பின் மேலேயே ஒரு வரிசை.

"ஏம்மா பவளம்! கடலையைச் சுத்தி ஆமணக்கு எதுக்கு? எண்ணெய் ஆட்டித் தலைக்குத் தேய்க்கப் போறியா?"

"இல்லக்கா! கம்பளிப்புழுவுக்குக் கடலையைவிட ஆமணக்குதான் ரொம்பப் பிடிக்கும். அது முதல்ல அங்கதான் போகும். அப்ப நாம..."

"சரி சரி, எனக்கு வீட்டுல வேலை கிடக்கு!" என்று சூடாமணி திரும்பிவிட்டாள்.

வேலையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. தனக்குத் தெரியாதது இன்னொருத்திக்குத் தெரியும் என்பதை நின்று கேட்க அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

மழை பெய்தது. கம்பளிப்புழுக்கள் வந்தன. வரப்பு ஆமணக்கில் ஓர் இலைகூட முழுசாக இல்லை.

சூடாமணிக்குத் தலைகால் புரியவில்லை. குளத்தங்கரை முழுக்க ஓடி ஓடிச் சொன்னாள்: "பவளத்தோட கொல்லை போச்சு! புழு புகுந்து மேஞ்சிடுச்சு! எல்லாம் புதுசு புதுசாப் பண்ணினா இப்படித்தான்!"

சொல்லிவிட்டு, கண்குளிரப் பார்க்கலாம் என்று வரப்பில் ஏறி எட்டிப் பார்த்தாள். ஆமணக்குதான் சல்லடை. உள்ளே கடலைச்செடி ஒவ்வொன்றும் கரும்பச்சையாக, ஓர் ஓட்டை இல்லாமல் நின்றது. பவளம் ஆமணக்கு இலைகளைப் புழுவோடு கிள்ளி, குழியில் போட்டு மண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அன்று சூடாமணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் பவளம் குளத்துக்குப் போன சமயம், அவள் கொல்லையில் ஒரு செடியைப் பிடுங்கிக் காய்களை எண்ணினாள். முப்பத்தொன்று! தன் செடியைப் பிடுங்கி எண்ணினாள். இருபத்துநாலு.

"உனக்கும்தான் இந்த வருஷம் நல்லா வந்திருக்கே, சூடா!" என்றான் புருஷன். "போன வருஷம் பதினெட்டுதானே இருந்துது? நம்ம செடியிலயும் புழுவையே காணோம். ஏன்னு யோசிச்சியா?"

"அது என் கைராசி!"

"அப்புறம் என்ன? நல்லா வந்தாப் போதாதா?"

"எனக்கு நல்லா வந்தாப் போதுமா? அவளைவிட நல்லா வரணும்! இல்ல, அவளுக்கு வராமப் போகணும்! வரிசையில நின்னு அவ கையால விதை வாங்க நான் என்ன பிச்சைக்காரியா?"

புருஷன் எண்ணிய காய்களை அள்ளிக்கொண்டு உள்ளே போனான். பாவம், பழகியவன்.

அந்தக் காட்டுக்குக் காட்டெருமைப் பெரியவர்தான் நாட்டாமை. அசைபோடும் நேரத்தில் சத்தம் அவருக்கு ஆகாது. யார் அதிகமாகக் கத்துகிறாரோ, அவர் பக்கம் தீர்ப்பைச் சொல்லிவிட்டு மறுபடி மெல்லத் தொடங்குவார். நாட்டாமை என்றால் நியாயம் வேண்டாமா என்று கேட்காதீர்கள். அவருக்கு நிம்மதி வேண்டும். சூடாமணிக்கு இது நன்றாகத் தெரியும். அவர் அசைபோடும் நேரம் பார்த்து, எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு கத்தினாள்.

"பெரியவரே! பவளம் பொது வரப்புல ஆமணக்கை வளத்து விட்டிருக்கா! அதோட நிழல் பூரா என் கடலை மேல விழுது! வெயில் இல்லாம என் செடி சோந்து போச்சு!"

கரிச்சான் கிளையிலிருந்து கத்தியது. "என்ன நிழல்? இலை எல்லாம் ஓட்டை! அதுல மாவு சலிக்கலாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். சூடாமணிக்கு முள் சிலிர்த்துக்கொண்டு சலசலவென்று ஆடியது.

"சிரிங்க! உங்க கொல்லையில விழுந்தாத் தெரியும்!"

பவளம் முன்னால் வந்தாள். "பெரியவரே, அந்த ஆமணக்கு எனக்கு மட்டும் காவல் இல்ல. ரெண்டு கொல்லைக்கும் வர்ற புழு அதுலதான் தங்குது. அக்காவோட செடியும் அதனாலதான்..."

"உன் காவல் எனக்கு எதுக்குடி? ஆறு வருஷமா ஒரு காவலும் இல்லாமத்தான் இந்தக் காட்டுக்கே விதை குடுத்தேன்! அப்ப நீ எங்க இருந்தே? பெரியவரே, நியாயம் சொல்லுங்க! நியாயம் கிடைக்காம நகர மாட்டேன்!"

பெரியவருக்கு வாயில் புல் அப்படியே நின்றது. "வரப்பு பொது. ஒருத்தருக்குப் பிடிக்கலைன்னா அங்க எதுவும் இருக்கக் கூடாது. வெட்டிடுங்க. போங்க!"

"வெட்டிடறேன்!" என்றாள் பவளம். "ரெண்டு நாள் மட்டும் குடுங்க. இலையில நிறையப் புழு இருக்கு. அதையெல்லாம் எடுத்துப் புதைச்சிட்டு அப்புறம் சாய்க்கறேன். இப்பவே சாய்ச்சா..."

"ரெண்டு நாளா? ரெண்டு நிமிஷம் கிடையாது! தீர்ப்புன்னா தீர்ப்பு!"

பெரியவர் கண்ணை மூடி மெல்ல ஆரம்பித்துவிட்டார். சூடாமணி ஓடினாள். வரிசையின் இந்தக் கோடியில் பல்லை வைத்தவள் அந்தக் கோடியில்தான் நிமிர்ந்தாள். பதினான்கு ஆமணக்கும் வரப்பின் மேல் விழுந்து கிடந்தன.

பவளம் ஒரு நொடி வீணாக்கவில்லை. தன் பக்கத்தில் வரப்பை ஒட்டி ஆழமாகப் பள்ளம் பறிக்கத் தொடங்கினாள். மண் பறந்தது.

"அக்கா! உங்க பக்கமும் ஒரு பள்ளம் எடுத்துடுங்க! ஆமணக்கு வாடினதும் புழு எறங்கி நடக்கும். பள்ளத்துல விழுந்தா ஏற முடியாது. உங்களால முடியலைன்னா நான் வந்து தோண்டறேன்!"

"என் கொல்லையில உன் கால் படக் கூடாது! தோத்துட்டு எனக்கே வேலை வைக்கறியா? போடி!"

காட்டிலேயே பள்ளம் பறிப்பதில் கெட்டிக்காரி சூடாமணிதான். அரை நாளில் முடித்திருப்பாள். ஒரு பிடி மண்ணைக்கூட அவள் தள்ளவில்லை. வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, பவளம் வேர்க்க விறுவிறுக்கத் தோண்டுவதை வேடிக்கை பார்த்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் ஆமணக்கு இலை வாடிச் சுருண்டது. புழுக்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன. அந்தப் பக்கம் பள்ளம். இந்தப் பக்கம் பச்சைப்பசேலென்று, யாரும் தொடாத கடலைச்செடி.

"சூடா!" என்று புருஷன் வாசலிலிருந்து அழைத்தான். "வந்து பாரு. நம்ம கொல்லை நடக்குது."

மண்ணே தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் கம்பளிப்புழு, ஒன்றன் பின் ஒன்றாக, ஒரு செடியை முடித்துவிட்டு அடுத்ததற்கு ஊர்ந்துகொண்டிருந்தது. சூடாமணி மிதித்தாள். உருண்டாள். முள்ளில் குத்திய புழுவை உதறினாள். அதன் மயிர் மூக்கில் பட்டு அரிப்பெடுத்ததுதான் மிச்சம். இப்போது பள்ளம் பறித்தாள், அழுதுகொண்டே பறித்தாள். புழு ஏற்கெனவே பள்ளத்துக்கு உள்பக்கம் இருந்தது.

மூன்றாம் நாள் கொல்லையில் வெறும் குச்சிதான் நின்றது.

பவளத்தின் கொல்லையில் வரப்போரத்து வரிசை கொஞ்சம் கடிபட்டது. பள்ளத்தில் விழுந்த புழுவை மண்ணோடு மூடினாள். தப்பி வந்ததைக் கரிச்சான் கொத்தியது. மற்ற மூன்று பக்கத்து ஆமணக்கும் வேலையைப் பார்த்தது.

சூடாமணி மூக்கு வீங்க நாட்டாமையிடம் ஓடினாள்.

"பெரியவரே! பவளத்தோட புழு என் கொல்லையைத் தின்னுடுச்சு!"

"புழு மேல அவ பேரு எழுதியிருந்துதா?" என்றது கரிச்சான்.

பெரியவர் மெல்வதை நிறுத்திவிட்டு, அதிசயமாக இரண்டு கண்ணையும் திறந்தார். "நிழல் போயிடுச்சா?"

"நிழல் போயிடுச்சு, ஆனா..."

"வெயில் நல்லா விழுதா?"

"விழுது, ஆனா..."

"நீ கேட்டது அதுதானே!"

அவர் மெல்லத் தொடங்கிவிட்டார்.

அறுவடை வந்தது. சூடாமணி பிடுங்கிய செடியில் பிஞ்செல்லாம் வதங்கிப்போய், நாலும் ஐந்துமாகத்தான் காய் தேறியது. அதையும் உடைத்தால் பொக்கு. தின்பதற்கே காணாது. விதைக்கு எங்கே போவது?

குளத்தங்கரையில் எல்லாரும் கூடினார்கள். பவளத்தின் கடலையை உடைத்துப் பார்த்தார்கள். பருப்பு தோலைப் பிதுக்கிக்கொண்டு நின்றது. ஒரு வாதமும் எழவில்லை. வரிசை உருவானது. அதில் சூடாமணியும் நின்றாள். நிற்காவிட்டால் அடுத்த வருஷம் அவள் கொல்லையில் விதைக்க ஒன்றும் கிடையாது.

அவள் முறை வந்தது. பவளம் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு குத்தலாவது வரும் என்று சூடாமணி முள்ளைத் தயாராக வைத்திருந்தாள்.

"எல்லாருக்கும் ஒரு கை. உங்களுக்கு ரெண்டு கை, அக்கா" என்றாள் பவளம். "ஆறு வருஷம் இந்தக் காட்டுக்கு நீங்கதானே குடுத்தீங்க. விதைக்கும்போது சொல்லுங்க. வரப்புல மறுபடி ஆமணக்கு போடலாம். இந்தத் தடவை ரெண்டு பேரும் சேந்து கிள்ளுவோம்."

குத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சூடாமணி தலையை மட்டும் ஆட்டிவிட்டு விதையை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். பத்து அடி போனதும் புருஷனை இடித்தாள்.

"பாருங்க, பாருங்க! பின்னால நின்ன காட்டுப்பன்றிக்கு மூணு கை போடறா!"

"அவளுக்குப் பதினோரு குட்டி, சூடா! பேசாம வா!"

பக்கத்துக் கொல்லையின் நல்ல விவசாயத்தைக் கேட்டுக் கற்றுக்கொள்ளாமல் பொறாமைப்படுகிறவர், தன் கொல்லைக்கும் காவலாக நிற்பதையே வெட்டிச் சாய்த்துவிடுவார்.