ஜாடிக்குள் கிடந்த சீட்டு

கிழக்குக் கடற்கரையில் ஒரு கடல் ஆராய்ச்சி நிலையம். அதன் பெயர் எதற்கு? நமக்கு அங்கிருந்த நண்டு போதும்.

முப்பத்தெட்டு வருடம் ஸ்பிரிட் ஜாடியில் மூழ்கிக் கிடந்த அந்த நண்டு, உலகத்துக்கே புதிய இனம் என்று இப்போதுதான் தெரிந்தது. கண்டெடுத்தவரின் பெயரையே அதற்குச் சூட்டுவது என்று முடிவானது. நண்டோடு ஜாடிக்குள் ஒரு சீட்டும் ஊறிக்கிடந்தது. தேதி, ஆழம், 'இதுவரை காணாத வகை' என்ற குறிப்பு. ஓர் எழுத்துகூட அழியவில்லை. எழுதியவர் பெயர்தான் இல்லை. எல்லாம் அச்சடித்தது போன்ற ஆங்கிலப் பெரிய எழுத்துகள் என்பதால், கையெழுத்தை வைத்தும் ஆளைச் சொல்ல முடியவில்லை.

நான்தான் எழுதினேன் என்று இருவர் வந்தார்கள். வேதரத்தினம் அன்றைய ஆய்வுக் கப்பலின் தலைவர். ஜெசிந்தா, கப்பல் தேதியும் ஆழமும் குறித்து அனுப்பிய வலைக் கழிவைக் கரையில் பிரித்துப் பார்த்த உதவி ஆய்வாளர். பெண்களைக் கப்பலில் ஏற்றாத காலம் அது. ஏற்றாவிட்டால் என்ன, கப்பல் கொண்டுவந்து கொட்டியதில் பாதிக்கு இனம் பிரித்துச் சொன்னது இந்த அம்மாள்தான்! ஆனால் அறிக்கைகளில் அவர் பெயர் மருந்துக்கும் கிடையாது. இந்த நண்டும் கைவிட்டுப் போனால், அவர் அங்கே வேலை பார்த்ததற்கே அடையாளம் இருக்காது.

நிலையத்தின் முதல் பெண் இயக்குநர் நப்பின்னை. அவர் ஜாடியைத் துணியால் மூடிவிட்டு, இருவரையும் தனித்தனியே அழைத்து ஒரே கேள்வி கேட்டார்.

"சீட்டை எதால எழுதினீங்க?"

வேதரத்தினம் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். "இதே மைப் பேனாதாம்மா. கப்பல்லயே எழுதி நானே உள்ள போட்டேன்."

எழுபது வயது ஜெசிந்தா கொண்டையிலிருந்து ஒரு பென்சில் துண்டை உருவினார். "இந்த மாதிரி ஒண்ணுதான் மேடம். அப்பவும் இங்கதான் சொருகி வச்சிருப்பேன்."

நப்பின்னைக்கு அதற்குமேல் கேட்க எதுவும் இல்லை. வாசகரே, நண்டு யாருக்குச் சேர வேண்டும்? ஏன்?

விடை: ஜெசிந்தாவுக்கு. ஸ்பிரிட்டில் மை கரைந்துபோகும், பென்சில் எழுத்து நிற்கும். தினமும் ஜாடியோடு புழங்கியவருக்கு இது பாலபாடம். அடுத்தவர் வேலையில் கையெழுத்து மட்டும் போட்டவருக்கு எப்படித் தெரியும்? நண்டு ஜெசிந்தாவின் பெயரைப் பெற்றது. அடுத்த வாரம் ஆய்வுக் கப்பல் கிளம்பியபோது, நப்பின்னையே அவரைக் கைபிடித்து ஏற்றினார்.

"எழுத ஏதாவது வேணுமாம்மா?" என்று கேட்டார்.

ஜெசிந்தா சிரித்துக்கொண்டே கொண்டையைத் தொட்டுக் காட்டினார்.