ஜல்லிமேல் ஏறிய கோடு

எங்கள் புறநகர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் பெரிய மைதானம் உண்டு. அதன் ஓடுபாதை வளைவில் ஒரு ஜல்லிக் குவியலும் உண்டு. கவுன்சிலர் தணிகாசலம் தன் காண்டிராக்ட் வேலைக்காக இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொட்டியது. கேட்க ஆளில்லை. சிதறிய ஜல்லியில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டே பிள்ளைகள் ஓடிப் பழகினார்கள், மாவட்டக் கோப்பையையும் கொண்டுவந்தார்கள். கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டது யார்? கவுன்சிலர்தான்!

விளையாட்டு விழாவுக்கும் அவரே தலைமை. "ஜோதியை ஏந்தி முதல் சுற்று நான்தான் ஓடணும், போட்டோ பேப்பர்ல வரணும். முழு வட்டமா கோடு போட்டு வைங்க. என் ஜல்லி மேல எவனும் கை வைக்கக் கூடாது" என்றார்.

தலைமையாசிரியர் கையைப் பிசைந்தார். கோப்பை வாங்கிய பத்தாம் வகுப்பு ஜெபமலர், "சரிங்க ஐயா, நான் போட்டுடறேன்" என்றாள்.

விழா அன்று ஒரு கையில் ஜோதி, மறு கையில் மைக்கோடு கிளம்பிய கவுன்சிலர் வளைவில் நின்றுவிட்டார். சுண்ணாம்புக் கோடு குவியலின் மேல் ஏறி, உச்சியைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கியிருந்தது.

"என்னம்மா இது? இதுல மனுஷன் ஓடுவானா?" என்று கத்தினார். மைக் அதை ஊருக்கே சொன்னது.

"ஜல்லியை யாரும் தொடலைங்க ஐயா, கோடு மட்டும்தான் போட்டேன்" என்றாள் பக்கத்தில் நின்ற ஜெபமலர். "ரெண்டு வருஷமா நாங்க இதுலதான் ஓடுறோம். மனுஷன் ஓட முடியாதுன்னு நீங்க இன்னிக்குத்தான் சொல்றீங்க."

பெற்றோர் கூட்டம் மொத்தமாக எழுந்து நின்றது. கவுன்சிலர் ஜோதியைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தார்.

அன்று மைதானத்தில் முதல் சுற்று ஓடியது ஜல்லி அள்ள வந்த லாரிதான். மறுநாள் பேப்பரில் வந்த போட்டோவும் அதுதான்.